காய் வெந்த தண்ணீர்

போன வாரம் கவிதாவிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். பீன்ஸ் வெந்த தண்ணீரை வடித்து, பின்பக்கம் கருவேப்பிலைச் செடியின் தூரில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து நின்றாள்.

“ஏனுங்கப்பா, காய் வெந்த தண்ணியக் கொட்டறீங்க? சின்ன வயசுல நாங்க கொட்டுனா என்ன பேச்சுப் பேசுவீங்க!”

“செடி வாடிக் கெடந்துச்சு கண்ணு” என்றேன்.

“நேத்துச் சாயங்காலம் அந்த மழை பேஞ்சுதுங்களே!”

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பதில் இல்லாமல் இல்லை. சொல்லத்தான் பயம். என் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும், கவிதாவும் பிரபுவும், எதிரே உட்கார்ந்து கேட்டால் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் விட்டுவிடாமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தார் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம். சூலூரில் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய்வந்தேன். அதற்கு முன்பு கல்யாண சமையல்காரர் ஒருவரிடம் மூன்று வருஷம் காய் அரிந்ததுதான் என் படிப்பு. ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாள், கல்யாண வேகத்தில் ஒரு கூடை கேரட்டை அரிந்து தண்ணீரில் அலசிக் காட்டினேன். பாராட்டுவார்கள் என்று நினைத்தேன்.

“அரிஞ்சுட்டுக் கழுவறீங்களே ஆறுச்சாமி, சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுதுங்க. கழுவிட்டு அரியுங்க” என்றார் ஸ்டெல்லா மேடம்.

யாருக்கு என்ன சாப்பாடு என்று தீர்மானிக்கிற டயட்டீஷியன் அவர். நகரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். காலை ஏழு மணிக்கு மாதா கோயிலிலிருந்து நேராகச் சமையலறைக்கு வருவார். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தார் என்றால் நாங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்போம்.

மற்ற இடங்களில் மேலதிகாரி போகிற சாப்பாட்டைப் பார்ப்பார். இவர் திரும்பி வருகிற தட்டைப் பார்ப்பார். வார்டிலிருந்து தட்டுகள் இறங்கியதும் வரிசையாக மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். சோறு காலியாகிக் காய் அப்படியே இருக்கும் தட்டில் நின்றுவிடுவார். மிச்சமிருக்கிற பீன்ஸ் ஒன்றை இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பார்.

“இது பேஷண்ட் தப்பு இல்லீங்க. ஏழு நிமிஷத்துல இறக்க வேண்டியதைப் பதினஞ்சு நிமிஷம் விட்டிருக்கீங்க. கூழை யாருங்க சாப்பிடுவாங்க?”

தட்டில் பாதி காயும் கீரையும் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். தினமும் ஒரு பழம். ஒரே நிறத்துக் காய் இரண்டு நாள் தொடர்ந்து வரக்கூடாது. பழத்தைச் சாறு பிழியக் கூடாது, கடித்துத்தான் தின்ன வேண்டும். காய் வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, குழம்புக்கோ ரசத்துக்கோ எடுக்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் எனக்குப் புதிதில்லை. நம் பக்கம் கொள்ளு வேகவைத்தால் கொள்ளைக் கடைந்து பருப்பு, இறுத்த தண்ணீரில் ரசம். அந்தத் தண்ணீரைக் கொட்டுகிற வீடு உண்டா? என் அம்மா பார்த்தால் அகப்பையாலேயே அடித்திருப்பார்.

ஆனால் ஓர் அடுப்பில் மட்டும் சட்டம் தலைகீழ். கோடியில் இருந்த அந்த அடுப்பின் பாத்திரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்த கைப்பிடி. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிற நோயாளிகளுக்கான பாத்திரம் அது. அந்தக் காயைப் பொடிப்பொடியாக அரிந்து, நிறைய வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். மறுபடி நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும். பிறகு உப்பில்லாமல் தாளிக்க வேண்டும்.

“கொட்டிருங்க” என்று மேடம் சொன்னார். கொட்டினேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுதே என்று ஒவ்வொரு நாளும் மனசுக்குள் அடித்துக்கொள்ளும்.

கவிதா பிறப்பதற்கு இரண்டு மாதம் இருந்தபோது அந்த வார்டுக்கு வேலுச்சாமி அண்ணன் வந்தார். சோமனூரில் நாலு தறி வைத்திருந்தவர். தறிச் சத்தத்தில் பழகியவர் என்பதால் மெதுவாகப் பேசவே தெரியாது. ரத்தக்கொதிப்பைக் கவனிக்காமல் விட்டார், கால்வலிக்கு வருஷக்கணக்காகக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார், அதில் சிறுநீரகம் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய் தின்னாததால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நாளுக்கு ஆறு டீ, பன்னு, மிக்சர், அதற்கு நடுவில் சோறு என்றுதான் ஓட்டியிருக்கிறார். அவர் மனைவி பழனம்மாள் அக்கா என்னிடம் சொன்னார்: “கல்யாணமாகி இருபது வருசமாச்சுங்க தம்பி. பொரியல் வெச்ச தட்டு அப்படியேதான் திரும்பி வரும்.”

ஆஸ்பத்திரியிலும் அப்படியேதான் திரும்பி வந்தது.

“ஏனுங்க ஆறுச்சாமி, தறிச் சத்தத்துல காது போச்சு. உங்க சமையல்ல நாக்கும் போகோணுமா?” என்று வார்டே சிரிக்கக் கேட்பார். “இது காயிங்களா, காய் மாதிரி அரிஞ்ச காகிதமுங்களா?”

மூன்று நாள் அந்தத் தட்டின் முன்னால் மேடம் நின்றார். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றினார். “ஆளு கரைஞ்சுட்டே போறாருங்க. எப்படியாவது நாலு வாய் உள்ள போகணும். ஏதாவது யோசிங்க.”

யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை, சிவப்புக் கைப்பிடிப் பாத்திரத்தில் பன்னிரண்டு பேருக்கான காய் வெந்தது. தண்ணீரைக் கொட்டப் போனவன் நின்றேன். சக்கையைத் தட்டில் வைத்துவிட்டுச் சத்தைக் கொட்டினால் மனுஷன் எப்படித் தேறுவார் என்று தோன்றியது. அந்தத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஏற்றி, ஒரு பாத்திரம் இரண்டு டம்ளர் ஆகிற வரைக்கும் சுண்டவிட்டேன். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசமாக இறக்கினேன். ரொம்பக் கவனமாக இருந்தேன் பிள்ளைகளே! உப்பு ஒரு கல்கூடப் போடவில்லை. அவருக்கு நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு, அதில் இந்த இரண்டு டம்ளரையும் கழித்துக்கொள்ளும்படி பழனம்மாள் அக்காவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆபத்து அந்த இரண்டுதான்.

வேலுச்சாமி அண்ணன் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார். “அடடா! இத்தன நாளு எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றார். ரசத்தை ஊற்றிப் பிசைந்து சோற்றையும் காயையும் சாப்பிட்டார். காலித் தட்டைப் பார்த்த மேடம், “என்ன மந்திரம் போட்டீங்க?” என்று சிரித்தார். “கொஞ்சம் மிளகு சீரகமுங்க மேடம்” என்றேன். பொய் இல்லை. பாதி உண்மை. சனி, ஞாயிறும் அதே ரசம் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை இட்லித் தட்டோடு வார்டுக்குள் நுழைந்தால் அவர் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். மார்பில் ஒயர் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. காலைத் தூக்க முடியவில்லையாம். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

சிஸ்டர் ஒருத்தர் பழனம்மாள் அக்காவின் தோளைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “இளநி குடுத்தீங்களா? பழம் ஏதாச்சும் குடுத்தீங்களா? நெசத்தைச் சொல்லுங்கம்மா. ரத்தத்துல பொட்டாசியம் எகிறிப்போயிருக்கு. வாய் வழியாத்தான போயிருக்கணும்?”

“சாமி சத்தியமாக் குடுக்கலீங்க சிஸ்டர்.”

சிஸ்டர் குனிந்து கட்டிலுக்கு அடியில் இருந்த மஞ்சள் பையை இழுத்தார். உள்ளே நாலு ஆரஞ்சு. நோயாளியைப் பார்க்க வெறும் கையோடு போகக் கூடாது என்பது நம் வழக்கம் இல்லையா? நாத்தனார் வாங்கி வந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியாமல், வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்காகப் பழனம்மாள் அக்கா எடுத்து வைத்திருக்கிறார்.

“இதென்னங்கம்மா? எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னோம்?”

“எண்ணிப் பாருங்க சிஸ்டர், நாலு வந்துச்சு, நாலும் இருக்குது…” என்று அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இட்லித் தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். வார்டிலிருந்து சமையலறைக்கு இருபத்திரண்டு படி. இறங்கும்போது என்னென்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஐந்தாறு வருஷமாக நான் தற்காலிக ஆள். அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் உங்கள் அம்மா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு கிடைத்துவிட்டதே, யாரும் ரசத்தைத் தேடப் போவதில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. ரசத்தால்தானா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாதே என்று இன்னொரு நினைப்பு. அது முதல் நினைப்பைவிட மோசம், நியாயம் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. பாதிப் படியில் நின்றுவிட்டேன். மேலேயிருந்து அக்கா அழுகிற சத்தம் கேட்டது. “நாலும் இருக்குதுங்க… நாலும் இருக்குதுங்க…” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் காய்க் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

“எத்தனை பேரோட காய்த் தண்ணி?”

“பன்னெண்டு பேருதுங்க.”

“எவ்வளவு ஆகற வரைக்கும் சுண்டுச்சு?”

“ரெண்டு டம்ளருங்க.”

“கடைசியா எப்பக் குடிச்சார்?”

“நேத்து ராத்திரிச் சாப்பாட்டோடங்க.”

“மேல வாங்க. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னாப் பாதி விட்டுப்போகும்.”

ஏறும்போதுதான் மூச்சு வாங்க அவர் சொன்னார். “காய்ல, பழத்துல, இளநில எல்லாம் பொட்டாசியம் இருக்குங்க. உங்களுக்கும் எனக்கும் அது நல்லது. மிச்சமானதைக் கிட்னி வெளிய தள்ளிரும். இவங்களுக்குத் தள்ளாது. ரத்தத்துலயே நின்னு நெஞ்சைப் பிடிச்சுக்கும். அதுக்குத்தான் ஊறவெச்சு, வேகவெச்சுத் தண்ணியில இறக்கிக் கொட்டறோம்.”

நான் கொட்டவில்லை. பன்னிரண்டு பேருக்கு ஆகாததைத் திரட்டி, சுண்டக் காய்ச்சி, மிளகு சீரகம் போட்டு ஒரே மனுஷனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. “சரி, எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி உள்ள போகாது” என்றார். அதற்குள் ஊசிகள் போட்டிருந்தார்கள். அப்படியே கட்டிலோடு டயாலிசிஸுக்குத் தள்ளிப்போனார்கள். நான் பழனம்மாள் அக்காவிடம் போனேன். அந்த சிஸ்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டேன். “அக்கா, ஆரஞ்சு இல்லீங்க. நான் வெச்ச ரசமுங்க” என்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டர் அந்த மஞ்சள் பையை எடுத்துத் துடைத்து அவர் மடியில் வைத்தார்.

நாலு மணி நேரம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை யார் சமைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

சாயங்காலம் அவர் கண் திறந்து என்னைத்தான் கேட்டாராம். பக்கத்தில் போனேன். குரல் பாதிதான் திரும்பியிருந்தது.

“மூணு நாளாத்தானுங்க வாய்க்கு ருசியாச் சாப்பிட்டேன்” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “இனிமே வெச்சுப்போடாதீங்க” என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

மறுநாள் சமையலறையில் எல்லோரையும் நிற்கவைத்து மேடம் பேசினார். “கொட்டச் சொன்னது நான். ஏன்னு சொல்லாம விட்டதும் நான். கொட்டாதது இவர். ரெண்டும் தப்புதான். இனி இந்தச் சமையலறையில காரணம் சொல்லாம யாரும் யாருக்கும் வேலை சொல்லக் கூடாது. காரணம் தெரியாம யாரும் செய்யவும் கூடாதுங்க.” எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நியாயம்தான். அதற்குப் பிறகு புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் அந்தச் சிவப்புக் கைப்பிடியைக் காட்டிக் கதையை நானே சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மட்டும்தான் சொல்லவில்லை.

வேலுச்சாமி அண்ணன் பிறகும் சில வருஷம் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வந்துபோனார். ஒரு நாள் பார்த்தேன், அக்காவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையாக நார் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் தன் விரலை முகர்ந்து பார்த்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“மோந்து பாக்கறதுக்குத் தடையில்லீங்களே? திங்கச் சொன்ன காலத்துல ஒதுக்கி வெச்சேன். தட்டுல வந்து உக்காந்திருந்துச்சுங்க, ஒதுக்கி ஒதுக்கி வெச்சேன்” என்றார். இந்தத் தடவை மெதுவாகத்தான் பேசினார்.

இதை இத்தனை நாள் உங்களிடம் சொல்லாததற்கு ஒரு பயம் இருந்தது. ‘பாருங்கப்பா, காயே ஆளைக் கொல்லப் பாத்திருக்கு’ என்று பிரபு சாக்குச் சொல்வான். அவனுக்கு ஒரு சாக்குப் போதும், ஒரு மாதம் பப்ஸிலேயே ஓட்டிவிடுவான். கவிதா பீளமேட்டு ஆபீசிலிருந்து வந்ததும் அவள் டிபன் டப்பாவை நான் திறந்து பார்க்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறாள். “நான் என்ன உங்க பேஷண்டுங்களாப்பா?” என்று கேட்டாள். இல்லை அம்மணி. ஆகிவிடக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். சோறு காலியாகிப் பொரியல் அப்படியே திரும்பி வருகிற டப்பாவைப் பார்த்தால் எனக்குச் சோமனூர்த் தட்டு ஞாபகம் வருகிறது. காலையில் ஒரு கொய்யாவைப் பையில் போட்டுக் கொடுத்தால் சாயங்காலம் அதே கொய்யா அதே பையில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இனி கருவேப்பிலைச் செடிக்கு வருகிறேன்.

இரண்டு மாதம் முன்பு கால் வீங்குகிறது என்று போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. டயாலிசிஸ் எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார் டாக்டர். ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதலாக நிற்கிறது, இளநீரும் வாழைப்பழமும் இப்போதைக்கு வேண்டாம், காயைத் தண்ணீர் வடித்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த முறையை நான் அவருக்கே ஒப்பித்தேன். உங்கள் அம்மாவுக்குத் தெரியும். “நீங்களே உங்க வாயால சொல்லுங்க” என்று ஒதுங்கிக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை பிரபு ஆசையாக இளநீர் வெட்டிக் கொண்டுவந்து நீட்டினான். வயிறு சரியில்லை என்று சொல்லித் தள்ளிவிட்டேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். காரணம் சொல்லாமல் தள்ளினால் இன்னொரு நாள் அன்பாக இன்னொன்றைச் செய்துகொண்டு வந்து நிற்பீர்கள். நானும் அப்படி அன்பாகத்தானே அந்த ரசத்தை வைத்தேன்?

அதனால் சொல்லிவிட்டேன்.

நாளைக் காலையிலிருந்து அடுப்பில் இரண்டு பாத்திரம் இருக்கும். என்னுடையதன் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அதில் வெந்த தண்ணீர் கருவேப்பிலைச் செடிக்கு. பெரிய பாத்திரம் உங்களுடையது. அதன் தண்ணீரை ஒரு சொட்டும் கொட்ட மாட்டேன், மிளகு சீரகம் தட்டிப்போட்டு ரசம் வைக்கிறேன். உப்பும் போடுகிறேன். நீங்கள் குடியுங்கள். காயைத் தட்டில் ஒதுக்காமல் தின்னுங்கள். எந்தப் பழமும் உங்களுக்கு ஆகாது என்று இன்னும் எந்த டாக்டரும் சொல்லவில்லை, அந்தக் காலம் உங்கள் கையில் இருக்கிறது.

சாயங்காலம் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு வேலை எனக்குத் தெரியாது.